மூன்றாவது குப்பை: பழைய பேட்டரியும் காலாவதி மாத்திரையும் எங்கே போக வேண்டும்?

மக்கும் குப்பை ஒரு கூடையில், மக்காத குப்பை இன்னொரு கூடையில் என்று பிரித்துக் கொடுக்க நம்மில் பலர் பழகிவிட்டோம். காலையில் விசில் சத்தம் கேட்டதும் இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறோம். ஆனால் எரிந்துபோன டியூப்லைட், காலாவதியான மாத்திரை அட்டை, சர்க்கரைக்குப் போட்ட இன்சுலின் ஊசி, உப்பிப்போன செல்போன் பேட்டரி, பாதி மிச்சமிருக்கும் பெயின்ட் டப்பா, கரப்பான் ஸ்பிரே... இதெல்லாம் எந்தக் கூடை? பெரும்பாலான வீடுகளில் இவை மக்காத குப்பையோடுதான் போகின்றன. மக்காதுதானே, அதனால் அதில் போடலாம் என்ற கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு. 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மக்குவது, மக்காதது, மூன்றாவதாக வீட்டு அபாயக் கழிவு. பெயின்ட் டப்பா, பூச்சி மருந்து டப்பா, சிஎஃப்எல் பல்பு, டியூப்லைட், காலாவதி மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், தீர்ந்த பேட்டரி, பயன்படுத்திய ஊசி, சிரிஞ்சு என்று பட்டியலே அதில் இருந்தது. இந்த மூன்றாவது வகைதான் நம் பேச்சில் வருவதே இல்லை. பேசினாலும் "கெமிக்கல் குப்பை, தொடாதே" என்ற பயத்தோடு அல்லது "இத்தனூண்டு பேட்டரியால் என்ன ஆகிவிடும்" என்ற அலட்சியத்தோடு முடிந்துவிடுகிறது. இரண்டுமே உதவாது. என்ன நடக்கிறது என்று தெரிந்தால், செய்ய வேண்டியது தானாகப் புரியும்.

எதை அபாயம் என்கிறோம்?

வீட்டு அபாயக் கழிவு என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: வீட்டில் நாம் சாதாரணமாகப் பயன்படுத்தி, தூக்கிப்போடும்போது மனிதருக்கோ மண்ணுக்கோ தண்ணீருக்கோ நேரடியாகத் தீங்கு செய்யக்கூடிய பொருள். தீங்கு பல வழிகளில் வரும். தின்னர், மண்ணெண்ணெய் போன்றவை சட்டென்று தீப்பிடிக்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட் தோலையும் உலோகத்தையும் அரிக்கும். சில பொருள்கள் வேறொன்றோடு சேர்ந்தால் வாயுவையோ வெப்பத்தையோ கக்கும். பூச்சி மருந்தும் பாதரசமும் உடம்புக்குள் போனால் நஞ்சு. பயன்படுத்திய ஊசி நோயைக் கடத்தும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இவை நம் வீட்டு அலமாரியில் வருடக்கணக்காக இருந்தவை. அங்கே இருந்தபோது யாரையும் எதுவும் செய்யவில்லை. காரணம், மூடி இருந்தது, நிமிர்ந்து இருந்தது, மேலே பெயர் ஒட்டியிருந்தது, எது எதோடு இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருந்தது. குப்பைக் கூடையில் விழும்போது இந்த நான்கும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. மூடி திறக்கிறது, கண்ணாடி உடைகிறது, பெயர் கிழிகிறது, சாம்பார் மிச்சத்தோடும் மாதவிடாய் நாப்கினோடும் கலக்கிறது. பொருள் அதேதான். அதைச் சுற்றியிருந்த பாதுகாப்புதான் போய்விட்டது.

கொஞ்சம்தானே, என்ன ஆகிவிடும்?

ஃபில்டர் காபிக்கு டிகாஷன் இறக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் பாத்திரத்தில் தூள், அதன்மேல் வெந்நீர். தண்ணீர் தூளின் வழியாக மெல்ல இறங்கும்போது, கரையக்கூடியதை எல்லாம் கரைத்து எடுத்துக்கொண்டு கீழே சொட்டுகிறது. தூள் மேலேயே இருக்கும், சாரம் கீழே வந்துவிடும்.

குப்பைக் கிடங்கில் மழை பெய்யும்போது இதுவேதான் நடக்கிறது. குப்பை மலையின் வழியாக இறங்கும் தண்ணீர் கரைவதை எல்லாம் கரைத்துக்கொண்டு அடியில் கசிகிறது. இதற்குக் கசிவுநீர் என்று பெயர். சாதாரணத் தண்ணீரை விட இது அதிகம் கரைக்கும். ஏனென்றால், அழுகும் உணவுக் கழிவு ஒரு கட்டத்தில் அமிலங்களை உண்டாக்குகிறது. பேட்டரியின் தகரக் கூட்டை அந்தப் புளித்த நீர் அரித்து, உள்ளே இருக்கும் உலோகத்தைக் கரைத்து எடுக்கிறது. தனியாக ஒரு டப்பாவில் கிடந்திருந்தால் பல வருடம் அசையாமல் இருந்திருக்கும் அதே பேட்டரி, நேற்றைய சாதத்தோடு சேர்ந்ததால்தான் வேகமாகக் கரைகிறது.

நம் பெரிய கிடங்குகள் பலவும் அடியில் எந்தத் தடுப்பும் போடாமல் தொடங்கப்பட்டவை. சென்னையின் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே வளர்ந்தது. அங்கே கசியும் நீர் போய்ச் சேர வேறு இடம் தேட வேண்டியதில்லை. ஒரு வீட்டில் இருந்து போவது ஒரு பேட்டரி. அந்தக் கிடங்கிற்குப் போவது பல லட்சம் வீடுகளின் பேட்டரி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: வீட்டில் அமைதியாக இருந்த பொருள், மூடியையும் பெயரையும் இழந்து, ஈரக் குப்பையோடு கலக்கும்போது ஆபத்தாக மாறுகிறது. ஆகவே கலக்காமல், உடைக்காமல், பெயரோடு ஒப்படைப்பதுதான் நம் வேலை. இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் சம இடம் கொடுக்கப் போவதில்லை. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறவற்றில் அதிக நேரம் நிற்கலாம்.

பாதரசம்: விழுங்கினாலா, மூச்சிலா?

பழைய தெர்மாமீட்டரில் வெள்ளியாக மின்னுவது பாதரசம். சாதாரண அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் உலோகம் இது. டியூப்லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் ஆவியாக, மிகச் சிறிய அளவில் இருக்கிறது. எல்இடி பல்பில் பாதரசம் கிடையாது. அதை மின்னணுக் கழிவோடு சேர்த்தால் போதும்.

குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்துவிட்டால் வீடே அலறும். கீழே விழுந்து உடைந்தால் துடைப்பத்தால் கூட்டிவிட்டு மறந்துவிடுவோம். உண்மை நிலவரம் இதற்கு ஏறக்குறைய நேர் எதிர். திரவப் பாதரசம் வயிற்றுக்குள் போனால், குடல் அதை மிக மிகக் குறைவாகவே உறிஞ்சும். பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். (உடைந்த கண்ணாடி வாயில் குத்தியிருக்கலாம், அதனால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.) மூச்சு வழியாகப் போகும் பாதரச ஆவிதான் நஞ்சு. சுவாசித்த ஆவியில் சுமார் 80 சதவீதத்தை நுரையீரல் இரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறது. அங்கிருந்து அது மூளையையும் சிறுநீரகத்தையும் எட்டுகிறது. பாதரசத்துக்கு ஆவியாக அடுப்பு வேண்டாம், நம் வீட்டு வெப்பமே போதும். கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்த ஒரு சிறு உருண்டை நாள்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

ஒரு பழைய தெர்மாமீட்டரில் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை பாதரசம் இருக்கும். ஒரு சிஎஃப்எல் பல்பில் 5 மில்லிகிராம் அளவுதான். அதாவது ஒரு தெர்மாமீட்டர் 100 முதல் 200 பல்புகளுக்குச் சமம். அதனால் பல்பு உடைந்தால் பதற வேண்டியதில்லை, தெர்மாமீட்டர் உடைந்தால் அலட்சியமாக இருக்கக் கூடாது.

பல்பு உடைந்தால் குழந்தைகளையும் நாய் பூனையையும் அறையை விட்டு அனுப்பிவிட்டு, ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம். துடைப்பம் பரப்பும், வாக்குவம் அதை ஆவியாக்கி ஊதும். கெட்டியான அட்டையால் துண்டுகளைத் தள்ளி எடுத்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். தெர்மாமீட்டர் என்றால் உருண்டைகளை அட்டையால் ஒன்றுசேர்த்து அதேபோல் பாட்டிலில் அடைக்க வேண்டும். அறையைக் குறைந்தது ஒரு நாள் காற்றோட்டமாக விடுங்கள். சிங்க்கில் கொட்டவே கூடாது. இன்னொன்று: வேலையைத் தொடங்கும்முன் மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். பாதரசம் பட்ட தங்கம் அதோடு ஒட்டிக் கலந்து வெளுத்துவிடும்.

தண்ணீரில் சேர்ந்த பாதரசத்துக்கு இன்னொரு குணம் உண்டு. குளத்துச் சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற வேறொரு வடிவமாக மாற்றுகின்றன. இது உடம்பை விட்டு எளிதில் போகாது. சிறு மீனில் இருந்து பெரிய மீனுக்கு, அங்கிருந்து சாப்பிடுகிறவருக்கு என்று அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட மெத்தில் பாதரசக் கழிவால் மீன் சாப்பிட்ட மக்களின் நரம்புகள் பாதிக்கப்பட்டன. அந்த நோய் 1956-ல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் உருவான பன்னாட்டு உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள்.

நமக்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை, கொடைக்கானல் போதும். அங்கே இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. 2001-ல் அங்கிருந்து வந்த பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி, டன்கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக்கடையில் கிடப்பதை மக்கள் கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் பெரும் அளவு பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆகிவிட்டது. மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய வழக்கும் வாதமும் அதற்குப் பின்னும் நீண்டன. அந்தக் கண்ணாடி கிடைத்த இடம் பழைய இரும்புக்கடை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு டியூப்லைட் போய்ச் சேருவதும் பெரும்பாலும் அதேபோன்ற ஒரு கடைக்குத்தான்.

தீர்ந்த பேட்டரி தீர்ந்ததில்லை

டார்ச் எரியவில்லை, ரிமோட் வேலை செய்யவில்லை, அதனால் பேட்டரி "செத்துவிட்டது" என்கிறோம். அந்தக் கருவியை இயக்கும் அளவுக்கு மின்சாரம் இல்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். உள்ளே மிச்சம் இருக்கிறது.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பட்டன் பேட்டரிதான் சாட்சி. பொம்மை, கைக்கடிகாரம், சின்ன ரிமோட்டுகளில் இருக்கும் காசு வடிவப் பேட்டரி அது. குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான சதை வழியாக மின்சாரம் ஓடத் தொடங்கும். அந்த மின்சாரம் அங்கே காஸ்டிக் சோடா போன்ற கடுமையான காரத்தை உண்டாக்கும். அந்தக் காரம் சதையைக் கரைக்கும். 2 மணி நேரத்துக்குள் கடுமையான புண் ஏற்பட்டுவிடக்கூடும். பொம்மையில் வேலை செய்யாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும். பட்டன் பேட்டரி காணவில்லை, குழந்தை அருகில் இருந்தது என்றால் எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கழற்றிய பட்டன் பேட்டரியை அந்த நிமிடமே இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத டப்பாவில் போடுவது இதனால்தான்.

செல்போன், லேப்டாப், பவர்பேங்க், வயர்லெஸ் இயர்போன், குழந்தைகளின் ரீசார்ஜ் பொம்மைகள், மின்சார ஸ்கூட்டர் இவற்றில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி எளிதில் தீப்பிடிக்கும் திரவம். நசுங்கியோ துளைபட்டோ அந்தத் தாள் கிழிந்தால் இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ளும், சூடேறும். சூடு உள்ளே வேதிவினைகளைத் தூண்டும், அவை இன்னும் சூட்டைத் தரும், அது இன்னும் வினைகளைத் தூண்டும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சூடேற்றத்துக்குத் தெர்மல் ரன்அவே என்று பெயர். ஒரு கட்டத்துக்கு மேல் வெளியில் இருந்து காற்றை அடைத்தாலும் அது நிற்பதில்லை.

இப்போது குப்பை லாரியை நினைத்துப் பாருங்கள். காம்பாக்டர் லாரியின் வேலையே குப்பையை நசுக்குவது. சுற்றிலும் காகிதம், பிளாஸ்டிக் கவர். உள்ளே ஒரு பவர்பேங்க். கிடங்கிலோ குப்பை மக்கும்போது வரும் மீத்தேன் என்ற எரிவாயு எப்போதும் இருக்கிறது, அங்கே ஒரு பொறி விழுந்தால் போதும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பல நாள் எரிந்தபோது சுற்றுவட்டார மக்கள் மூச்சுவிடச் சிரமப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு எரிந்து நகரமே புகையில் மூழ்கியது. இந்தத் தீயெல்லாம் பேட்டரியால் வந்தது என்று சொல்ல வரவில்லை. கிடங்கில் தீ பிடித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அதற்குள் பொறி போடக்கூடிய பொருளை நாம் ஏன் அனுப்ப வேண்டும் என்பதுதான் கேள்வி.

சரி, என்ன செய்வது? லித்தியம் பேட்டரியின் உலோக முனைகளில் டேப் ஒட்டுங்கள். சதுரமான 9 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு முனையும் ஒரே பக்கம் இருப்பதால் அதற்கும் டேப் கட்டாயம். உப்பிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ வேண்டாம், சார்ஜ் போடவே வேண்டாம். ஒரு தகர டப்பாவில் காய்ந்த மணலைப் போட்டு அதில் வைத்து, வெயில் படாத, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வீட்டுக்கு வெளியே வைத்து, சீக்கிரம் ஒப்படைத்துவிடுங்கள்.

யாரிடம் ஒப்படைப்பது என்பதில் பேட்டரிக்கு மற்றதை விட நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளும், விற்ற நிறுவனமே பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்கின்றன. இதை உற்பத்தியாளர் பொறுப்பு என்பார்கள். செல்போன் நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர்கள் பலவற்றில் இதற்கான பெட்டி இருக்கும், கேட்டுப் பாருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் இது பழைய வழக்கமே. புதியது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்து விலை குறைத்துக்கொள்கிறோம். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம், அதற்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்புக்காகத் தெருவில் வருகிறவரிடம் ஐம்பது நூறு அதிகம் கிடைக்கிறது என்று கொடுத்துவிடாதீர்கள். ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்கும் இடங்களுக்கு அது போகக்கூடும். ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

மாத்திரையும் ஊசியும்

மாத்திரையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது சுத்தமான வழியாகத் தோன்றும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்பது பாக்டீரியாக்களை வைத்து மலத்தையும் உணவு மிச்சத்தையும் சிதைக்கும் ஏற்பாடு. மருந்துகள் பலவும் எளிதில் சிதையாதபடி உருவாக்கப்பட்டவை, அவை அந்த நிலையத்தைக் கடந்து ஆற்றுக்குப் போய்விடும். ஆன்டிபயாடிக் என்றால் இன்னும் மோசம். தண்ணீரில் உள்ள பாக்டீரியாக்கள் அந்தக் குறைந்த அளவு மருந்தோடு வாழப் பழகி, மருந்துக்கு அடங்காதவையாக மாற வாய்ப்பு கொடுக்கிறோம். நாளை நமக்கே அந்தத் தொற்று வந்தால் அதே மருந்து வேலை செய்யாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2025-ல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் போட்டுவிடலாம் என்று பட்டியலிட்டது. ஃபென்டனில், மார்ஃபின், ட்ரமடால், டையஸெபாம் போன்றவை அவை. வீட்டில் வேறொருவர் தெரியாமல் ஒன்றை எடுத்தாலே உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், ஆற்றுக்கு வரும் கேட்டை விட அந்த ஆபத்து பெரிது என்று எடுத்த முடிவு. புற்றுநோய் வலிக்கு மருந்து எடுத்தவர்கள் வீட்டில் இது பொருந்தும். சர்க்கரை, பிரஷர், காய்ச்சல் மாத்திரைகளுக்குப் பொருந்தாது.

மற்ற மருந்துகளை முதலில் மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். கேரளத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே வீடுகளில் இருந்து பழைய மருந்தைச் சேகரிக்கும் திட்டத்தை 2025-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அது வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதுவரை, காலாவதி மாத்திரைகளை அட்டையில் இருந்து பிதுக்கி எடுத்து, காபித்தூள் சக்கையோடோ சாம்பலோடோ கலந்து, கவரில் கட்டி, மூன்றாவது கூடையில் வையுங்கள். கலப்பது எதற்கு என்றால், யாரும் அதைத் திரும்ப எடுத்துச் சாப்பிடவோ விற்கவோ முடியாமல் இருப்பதற்கு. அட்டையை அப்படியே போட்டால் அதற்கும் வழி இருக்கிறது. ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் தனியாக வையுங்கள். அதில் அழுத்தத்தில் வாயு இருக்கிறது, குத்தினாலோ சூடுபட்டாலோ வெடிக்கும்.

ஊசி விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. இன்சுலின் போடும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஊசியைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றிக் குப்பைக் கவரில் போட்டுவிடுகிறோம். அந்தக் கவரைத் தூய்மைப் பணியாளர் கையால் அவிழ்த்துப் பிரிக்கிறார். துணிக் கையுறையோ ரப்பர் கையுறையோ ஊசியைத் தடுக்காது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட 7 நாள் வரை உயிரோடு இருக்கும். குத்திய ஊசி யாருடையது என்று அவருக்குத் தெரியாது. பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் அலைய வேண்டும், மாதக்கணக்கில் பயத்தோடு இருக்க வேண்டும். நம் வீட்டில் யாருக்கும் எந்த நோயும் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு வேண்டியது காலியான ஃபினாயில் பாட்டிலோ சலவைத் திரவ பாட்டிலோதான். கெட்டியான பிளாஸ்டிக், திருகு மூடி. போட்ட ஊசியை மறுபடி மூடி மாட்ட முயலாமல் (நம் விரலில் குத்துவது பெரும்பாலும் அப்போதுதான்) நேராக அதில் போடுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, சுற்றி டேப் ஒட்டி, "ஊசி, திறக்க வேண்டாம்" என்று பெரிதாக எழுதுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது மெல்லியது. உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையோ ரத்தப் பரிசோதனை நிலையமோ வாங்கிக்கொண்டால் நல்லது, அவர்களிடம் மருத்துவக் கழிவுக்கான வண்டி வருகிறது. இல்லையென்றால் பணியாளரிடம் தனியாக, என்ன என்று சொல்லிக் கொடுங்கள்.

பாதரசம், பேட்டரி, மருந்து, ஊசி என்று நான்கு பார்த்தோம். நான்கிலும் காரணம் வேறு: ஒன்று ஆவியாகிறது, ஒன்று சூடேறுகிறது, ஒன்று சிதைய மறுக்கிறது, ஒன்று குத்துகிறது. நாம் செய்வது மட்டும் ஒன்றேதான்: மூடிய டப்பா, மேலே பெயர், தனிக் கூடை.

சாக்கடையில் ஊற்றக் கூடாதவை

பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நுரையீரலை எரிக்கும் வாயு அது. மூடிய பாத்ரூமில் இரண்டையும் ஊற்றித் தேய்த்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. மிச்சமான இரண்டு பாட்டில்களை ஒன்றாக்கி இடத்தை மிச்சப்படுத்த நினைப்பதும், இரண்டையும் ஒரே சமயத்தில் சாக்கடையில் கொட்டுவதும் அதே ஆபத்து. இவற்றைத் தூக்கிப்போடுவதை விட, பாட்டிலில் எழுதியபடி தனித்தனி நாளில் பயன்படுத்தியே தீர்த்துவிடுங்கள்.

பெயின்டும் அப்படியே. மிச்சத்தை ஏதாவது ஒரு சுவருக்கோ கேட்டுக்கோ அடித்துவிடலாம், பக்கத்து வீட்டில் கேட்கிறார்களா என்று பார்க்கலாம். தண்ணீரில் கரையும் பெயின்ட் கொஞ்சம்தான் இருந்தால் மூடியைத் திறந்து வைத்து முழுக்கக் காயவிட்டால் போதும், கெட்டியானது கசியாது. தின்னரை அப்படித் திறந்து வைக்கக் கூடாது, மூடியே ஒப்படைக்க வேண்டும். பழைய வீட்டுச் சுவரைச் சுரண்டும்போது கவனம் தேவை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் ஈயம் கூடுதலாக இருக்கலாம், அந்தத் தூளைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் பறக்கவிட வேண்டாம்.

தோட்டமோ வயலோ உள்ளவர்களுக்குப் பூச்சி மருந்து டப்பா. காலியானதும் மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றி அடித்துவிடுங்கள். பிறகு டப்பாவில் ஓட்டை போடுங்கள். ஓட்டை போடுவது யாரும் அதில் தண்ணீரோ எண்ணெயோ பிடித்து வைக்காமல் இருக்க. கழுவிவிட்டால் போதும் என்று அந்த டப்பாவைக் கிணற்றடிக்கு எடுத்துப்போகும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை இன்றே நிறுத்த வேண்டும்.

எரித்தால் போய்விடாதா?

போகாது. உலோகம் எரியாது, ஆவியாகி அல்லது சாம்பலாகி இடம் மாறும். சில பிளாஸ்டிக்குகளைக் குறைந்த வெப்பத்தில் எரித்தால் டையாக்சின் என்ற, முன்பு அதில் இல்லாத நஞ்சு புதிதாக உருவாகும். ஸ்பிரே டப்பா வெடிக்கும். போகிக்குப் பழைய பொருளோடு இவற்றையும் சேர்த்து எரிப்பது மார்கழிப் பனியில் புகையைத் தெருவிலேயே தேக்கிவைக்கும். 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்து, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று உத்தரவிட்டது. புதைப்பதும் தீர்வில்லை. நம் கொல்லைப்புறத்துக்குக் கீழேதான் நம் போர்வெல்லும் இருக்கிறது.

ஒப்படைத்த பிறகு?

ஒழுங்காகச் சேகரிக்கப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி வழி உண்டு. டியூப்லைட்டை மூடிய இயந்திரத்தில் நொறுக்கிப் பாதரசத்தைப் பிரித்தெடுக்கலாம். பேட்டரியில் இருந்து ஈயம், கோபால்ட், லித்தியம் மீட்கலாம். மருந்தை ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும், புகையைக் கழுவி வெளியே விடும் உலையில் அழிக்கலாம். வீட்டில் எரிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வெப்பமும் அந்தப் புகைக் கழுவலும்தான். எதுவும் செய்ய முடியாததைச் சிமென்ட் போன்றவற்றோடு சேர்த்துக் கட்டியாக்கி, அடியில் களிமண்ணும் கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பும் போட்ட பாதுகாப்பான நிலநிரப்பில் வைப்பார்கள். தமிழ்நாட்டில் அபாயக் கழிவுக்கான இப்படிப்பட்ட நிலையம் திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. முதலில் தொழிற்சாலைக் கழிவுக்காக வந்தது அது. வீட்டில் இருந்து அங்கே வரைக்குமான பாதையில்தான் ஓட்டை.

உங்கள் ஊரில் ஏற்பாடு இல்லையென்றால்

2016 விதிகளின்படி, உள்ளாட்சி அமைப்பு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வீட்டு அபாயக் கழிவைப் பெறும் மையம் வைத்து, அது திறந்திருக்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. பல ஊர்களில் இது காகிதத்தில்தான் இருந்தது. இருக்கும் ஊர்களிலும் மக்களுக்குத் தெரிவதில்லை. அதனால் கேளுங்கள். சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம். மற்ற ஊர்களில் நகராட்சி, பேரூராட்சி சுகாதார ஆய்வாளரிடம், கிராமத்தில் ஊராட்சி அலுவலகத்தில். "எங்கள் வார்டில் வீட்டு அபாயக் கழிவை எங்கே, எந்த நாளில் கொடுக்க வேண்டும்?" என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் "குப்பை வண்டியிலேயே போடுங்க" என்ற பதில்தான் வரும். ஒருவர் கேட்டால் மறந்துவிடுவார்கள், ஒரு தெருவே மனுக் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதில் வரும்வரை அவசரப்பட்டுக் கூடையில் கொட்ட வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் சேரும் அபாயக் கழிவு பெரும்பாலும் ஒரு பெரிய பெயின்ட் வாளிக்குள் அடங்கிவிடும். மூடியுள்ள ஒரு வாளி, ஈரமில்லாத நிழலான இடம், குழந்தைகளுக்கு எட்டாத உயரம். அதற்குள் மருந்து ஒரு கவர், டேப் ஒட்டிய பேட்டரி ஒரு டப்பா, ஊசி பாட்டில், அதன் அட்டையிலேயே திரும்பச் செருகிய பல்பு. ஆசிட்டையும் தின்னரையும் அந்த வாளியில் சேர்க்காமல் தனித்தனியே நிமிர்த்தி வையுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் சங்கத்தில் பேசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டிலும் சேகரித்து, அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு நிறுவனத்தை வரவழைக்கலாம். நூறு வீட்டுப் பேட்டரி என்றால் அவர்களே வண்டி அனுப்பத் தயாராக இருப்பார்கள், ஒரு வீட்டுக்கு வர மாட்டார்கள்.

வண்டியில் வருகிற அக்காவிடமும் அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், இதையெல்லாம் தனியாகக் கொடுத்தால் அவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்று. சில வண்டிகளில் ஓரத்தில் தனிப் பை தொங்கும். இல்லாத வண்டியில், நீங்கள் கொடுக்கும் டியூப்லைட்டை எங்கே வைப்பது என்று அவர்களுக்கே தெரியாது, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பையைக் கேட்டு மனுக் கொடுக்கும்போது அவர்களுக்குத் தடிமனான கையுறையும் சேர்த்துக் கேளுங்கள்.